உப்புக்காற்றில் ஹேண்டில்பார் வயரிங்: எந்த வயர் நிலைக்கும்?

ராமேசுவரத்தை அடுத்த கடலோர ஊரான மண்டபத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் தமது 150 சிசி பைக்குக்கு உயரமான ஹேண்டில்பார் மாற்றியிருக்கிறார். இரண்டு பக்கச் சுவிட்சுகளின் வயர்களும் ஒரு சாண் அளவுக்கு எட்டவில்லை. வீடு கட்டியபோது மிஞ்சிய 1 சதுர மி.மீ. வயர் சுருளாகக் கிடக்கிறதாம். அதையே வெட்டி ஒட்டுப் போடலாமா, வேறு வயர்தான் வாங்க வேண்டும் என்றால் எத்தனை ஆம்பியர் தாங்கும் வயராகக் கேட்டு வாங்குவது என்பது அவருடைய கேள்வி.

தம்பி, வீட்டு வயர் வேண்டாம். சுவிட்ச் வேலைகள் எல்லாவற்றுக்கும் 0.5 சதுர மி.மீ., ஹெட்லைட் வயருக்கும் அதன் எர்த்துக்கும் மட்டும் 0.75 சதுர மி.மீ. போதும். ஆனால் அது வாகனங்களுக்கென்றே செய்யப்பட்ட, மெல்லிய தோலும் நுண்ணிய இழைகளும் கொண்ட செம்பு வயராக இருக்க வேண்டும். வெள்ளீயம் பூசிய இழை கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் கரையோரத்தில் இந்த வேலையைத் தவறாகச் செய்து, மழை நாள் இரவில் ஹெட்லைட் இல்லாமல் பாம்பன் பாலத்தின் மீது வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் பிள்ளைகள் அதிகம்.

முதலில் ஆம்பியர் கணக்கை முடித்துவிடுவோம். 35 வாட் ஹாலஜன் பல்பு சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். 60 வாட் பல்பு என்றால் 5 ஆம்பியர். 10 வாட் இண்டிகேட்டர் பல்புகள் முன்னும் பின்னுமாக இரண்டு சேர்ந்து எரிந்தால் 2 ஆம்பியரை எட்டாது. எல்இடி என்றால் அதில் ஒரு சிறு பங்குதான். ஹாரன் அழுத்தும் நேரத்துக்கு மட்டும் 2 அல்லது 3 ஆம்பியர். பிரேக் லைட் 21 வாட், இரண்டு ஆம்பியருக்குள். ஸ்டார்ட்டர் பட்டன் வழியாக மோட்டாரின் பெரிய கரண்ட் போவதில்லை. சிறு கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேயின் சுருளை இழுக்கிற அளவுதான் போகிறது. இவை எதுவும் 0.5 சதுர மி.மீ. வயரைச் சூடேற்றக்கூடிய அளவு அல்ல.

ஹெட்லைட்டை மட்டும் ஏன் தனியாகச் சொன்னேன் என்றால், அங்கே சூட்டைவிட வோல்ட் இழப்பு முக்கியம். 0.5 சதுர மி.மீ. செம்பு வயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.037 ஓம் தடை தரும். பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு ஏறி, பல்புக்கு இறங்கி, எர்த் வழியாகத் திரும்பும் பாதை 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். அரை வோல்ட்தானே என்று விட முடியாது. இழைப் பல்பின் வெளிச்சம் வோல்ட் குறைவதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். 13 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். 0.75 போட்டால் அந்த இழப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. 2017 ஏப்ரல் முதல் வந்த பைக்குகளில் எஞ்சின் ஓடும்வரை ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும், அணைக்கும் சுவிட்சே கிடையாது. ஆகவே டிம்-பிரைட் சுவிட்சின் வழியாகப் பகலிலும் அந்தக் கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது. 60 வாட்டுக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் வயரைத் தடிமனாக்குவதைவிட ஒரு ரிலே வைப்பது நல்லது. பல்பின் கரண்ட் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேரே பல்புக்குப் போகும். ஹேண்டில்பாருக்கு ஏறி இறங்குவது ரிலேயை இழுக்கும் கால் ஆம்பியருக்கும் குறைவான கரண்ட் மட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஹேண்டில்பார் வயர் சூட்டால் கெடுவது அபூர்வம். அது மடிப்பால் அறும், உப்பால் அரிக்கும். வயரைத் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டையும் பார்த்துத்தான்.

மடிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். வண்டியின் மற்ற வயர்கள் சட்டத்தோடு சட்டமாகக் கட்டிக் கிடக்கின்றன. ஹேண்டில்பார் வயர்கள் மட்டும் சட்டத்தின் தலைப்பகுதியைத் தாண்டுகிற இடத்தில், நீங்கள் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வளைந்து நிமிர்கின்றன. ராமநாதபுரம் அரண்மனைத் தெருவில் ஒரு சந்துக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குள் எத்தனை முறை இடமும் வலமும் முழுதாகத் திருப்புகிறோம்! ஒரு வளைவில் ஒவ்வொரு இழையும் படும் இழுவிசை அந்த இழையின் தடிமனைப் பொறுத்தது. இழை பாதி தடிமனாக இருந்தால் இழுவையும் பாதி. ஆனால் அது தாங்கும் வளைவுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, பல மடங்காகக் கூடும். ஒரே பரப்பளவுள்ள இரண்டு வயர்களில் ஒன்று ஓராண்டில் அறுவதும் மற்றொன்று வண்டி உள்ளவரை இருப்பதும் இதனால்தான்.

உங்கள் வீட்டு வயரைச் சீவிப் பாருங்கள். 1 சதுர மி.மீ. வீட்டு வயரில் பெரும்பாலும் 0.3 மி.மீ. இழைகள் 14 இருக்கும். சுவருக்குள் குழாயில் போட்டு அசையாமல் கிடக்க அது போதும். வாகன வயரில் 0.5 சதுர மி.மீ. பரப்புக்கே 0.2 மி.மீ. இழைகள் 16 இருக்கும். 1 சதுர மி.மீ. என்றால் அதே இழை 32. வீட்டு வயரின் தோலும் 1100 வோல்ட் கணக்கில் தடிமனாகச் செய்யப்படுகிறது. நம் வண்டியில் 12 வோல்ட்தான். அந்தத் தடித்த தோலோடு பத்து வயர்களைச் சேர்த்துக் கட்டினால் ஹெட்லைட்டுக்குப் பின்னால் கட்டை மாதிரி நிற்கும்; திரும்ப இடம் இருக்காது. அதன் பிவிசி 70 டிகிரி வரை மட்டுமே தாங்கக்கூடியது. மே மாதத்து வெயிலில் நிறுத்திய வண்டியின் ஹெட்லைட் கூட்டுக்குள் ஹாலஜன் பல்பும் எரிந்துகொண்டிருந்தால் அந்தத் தோல் சீக்கிரம் விறைத்து வெடித்துவிடும். வாகன வயர்களில் 105 டிகிரி தாங்கும் பிவிசி சாதாரணமாகவே கிடைக்கிறது. குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலின் தோல் என்றால் 125 டிகிரி.

கடையில் வாகன வயர் என்று கேட்டால் மட்டும் போதாது. வாகன வயரிலேயே 0.5 சதுர மி.மீ. பரப்பை 0.32 மி.மீ. இழைகள் ஏழை வைத்துச் செய்வதும் உண்டு. ஜப்பானிய அளவு முறையில் வரும் வயர்களில் 0.5 என்று மட்டும் இருந்தால் அது ஏழு இழை, 0.5 எஃப் என்று இருந்தால் 0.18 மி.மீ. இழைகள் 20. சட்டத்தோடு கட்டும் பகுதிக்கு ஏழு இழை பரவாயில்லை. ஹேண்டில்பாருக்கு எஃப் வகைதான். இந்திய வயர் என்றால் சுருளின் அட்டையில் ஐஎஸ் 2465 என்ற எண்ணைத் தேடுங்கள், அது மோட்டார் வாகன வயர்களுக்கான தர எண். ஐஎஸ் 694 என்று இருந்தால் அது வீட்டு வயர். ஐரோப்பிய அளவில் எஃப்எல்ஆர்ஒய் என்று அச்சிட்டு வருவதும் நல்ல மெல்லிய தோல் வயர்தான், 105 டிகிரி தாங்கும். அட்டையில் என்ன போட்டிருந்தாலும் ஓர் அங்குலம் சீவி இழையை எண்ணிவிட்டு வாங்குங்கள்.

சிலிகான் தோல் வயரைப் பலர் பரிந்துரைப்பார்கள். இழை மிக நுண்ணியது, கையில் எடுத்தால் நூல் மாதிரி வளையும், சூடும் தாங்கும். ஆனால் அந்தத் தோலை நகத்தால் கீறினாலே கிழியும். ஹேண்டில்பாரின் உலோக விளிம்பிலோ கிளாம்பின் அடியிலோ ஒருமுறை உரசினால் செம்பு வெளியே தெரியும். வெளிச் சிலீவ் போட்டு முழுவதும் மூட முடிந்தால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். கம்ப்யூட்டர் நெட்வொர்க் வயர், ஸ்பீக்கர் வயர், திருவிழாச் சீரியல் செட் வயர் ஆகியவற்றைப் பற்றி ஒரே வரிதான்: தொடாதீர்கள். நெட்வொர்க் வயரில் பெரும்பாலும் ஒற்றைக் கம்பிதான் இருக்கிறது. ஒரு வாரம் ஓட்டினால் தெரிந்துவிடும்.

அடுத்தது உப்பு. நம் கரையில் இரும்பு எப்படி அரிக்கும் என்பதை மண்டபத்துக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பை ஆராய மண்டபம் முகாமிலேயே ஓர் ஆய்வு நிலையம் வைத்தது என்றால் இந்தக் காற்றின் வீரியம் எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் நெருங்கியிருக்கும் இடத்தில் கச்சான் காற்று அடித்தாலும் வாடைக் காற்று அடித்தாலும் உப்பு வண்டியின் மேல்தான் படியும்.

உப்பு வெறும் தூசாகக் கிடந்தால் கெடுதல் குறைவு. அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதுதான் கெடுதல். சமையல் உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகக் கரைந்து நீராகும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது இன்னும் வறண்ட காற்றிலேயே, 35 சதவீத ஈரப்பதத்துக்குள்ளேயே நீர்த்துவிடும். ஆகவே ராமேசுவரத்தில் மழையே பெய்யாத மாதத்திலும் வயர் முனையில் படிந்த உப்பு இரவு முழுவதும் நனைந்தே இருக்கிறது. பகலில் எஞ்சின் சூட்டில், வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பான கப்ளருக்குள் இருக்கும் காற்று விரிகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளியே உள்ள ஈரக் காற்றை உள்ளே இழுக்கிறது. அங்கிருந்து நீர் இழைகளுக்கிடையே உள்ள இடுக்கு வழியாக ஊறி, தோலுக்குள்ளேயே பல அங்குலம் போகும்.

பழைய ஹேண்டில்பார் வயர் ஒன்றை வெட்டிப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். வெளியே தோல் பளபளவென்று புதிதாக இருக்கும். முனையில் பச்சைக் களிம்பு. அதைத் தாண்டிச் சீவினால் செம்பின் நிறமே இல்லாமல் கறுத்த இழைகள். நகத்தால் வளைத்தால் ஒவ்வொன்றாக முறிந்து பொடியாக உதிரும். பற்றவைக்கும் ஈயம் அந்தக் கறுப்பின்மேல் ஒட்டவே ஒட்டாது. நீங்கள் ஒட்டுப் போடப் போகும் வயரும் இப்படி இருந்தால், எத்தனை நல்ல புது வயரைக் கொண்டுவந்து சேர்த்தும் பயனில்லை. பளிச்சென்ற செம்பு தெரியும்வரை பின்னுக்கு வெட்டிக்கொண்டே போங்கள். அரை அடி வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் அந்த வயரைக் கப்ளர்வரை முழுவதும் மாற்றிவிடுவதே சரி.

இதனால்தான் வெள்ளீயம் பூசிய இழையைச் சொன்னேன். ஒவ்வொரு இழைக்கும் தனித்தனியாக மெல்லிய பூச்சு இருப்பதால், நீர் உள்ளே ஊறினாலும் களிம்பு பிடிப்பது மிகவும் தாமதமாகிறது. படகு வேலைக்கான நல்ல வயர்கள் இப்படித்தான் வருகின்றன. விசைப்படகுகளில் விளக்கும் வயர்லெஸ்ஸும் பொருத்துகிற மின்வேலைக்காரர்களிடம் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். விலை சற்று அதிகம்தான். ஆனால் ஹேண்டில்பாருக்கு மொத்தமே சில மீட்டர். இதில் மிச்சம் பிடிப்பது வீண். பரமக்குடியிலோ முதுகுளத்தூரிலோ ஓடும் வண்டி என்றால் சாதாரணச் செம்பே போதும் என்பேன். தனுஷ்கோடி சாலையில் ஓட்டுகிறவருக்கும், வாலிநோக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவருக்கும், மீன் பெட்டி கட்டி ஓட்டுகிறவருக்கும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

வெள்ளீயப் பூச்சு என்று கேட்டு வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அலுமினியத்தின்மேல் செம்பு முலாம் பூசிய வயர் சந்தையில் மலிவாக விற்கிறது. பார்வைக்கு அப்படியே செம்பு. ஒரே தடிமனில் செம்பைவிட ஒன்றரை மடங்கு தடை, மடித்தால் சீக்கிரம் முறியும், உப்பு நீர் பட்டால் செம்போடு சேர்ந்திருக்கும் அலுமினியம் வேகமாக அரிக்கத் தொடங்கும். நம் கரைக்கு அதைவிட மோசமான வயர் இல்லை. சோதிப்பது எளிது. ஓர் இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டுங்கள். மேலே சிவப்பும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது அலுமினியம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மேலே வெள்ளையும் உள்ளே சிவப்பும் தெரிந்தால் அதுதான் வெள்ளீயம் பூசிய செம்பு.

நல்ல வயரை வாங்கி ஒட்டைக் கெடுத்தால் எல்லாம் வீண். உங்களுக்கு நான் சொல்லும் முறை, அசல் வயரை வெட்டவே வேண்டாம் என்பது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் சுவிட்சின் கப்ளரும் வண்டியின் மொத்த வயர்க்கட்டான வயரிங் கிட்டின் கப்ளரும் சேரும் இடம் இருக்கும். அதே அளவு ஆண், பெண் கப்ளர்கள் ஒரு ஜோடி வாங்கி, நடுவில் ஒரு சாண் வயர் வைத்து, ஒரு நீட்டிப்புத் துண்டு செய்துவிடுங்கள். கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. நாளைக்குப் பழைய ஹேண்டில்பாருக்குத் திரும்ப நினைத்தாலும் வண்டி பழுதாகாது. கப்ளருக்குள் போகும் பின்களை அதற்கான கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள்: ஒரு ஜோடி இறகு செம்பைப் பிடிக்க வேண்டும், பின்னால் உள்ள ஜோடி தோலைப் பிடிக்க வேண்டும். குறடால் நசுக்கினால் இரண்டாவது பிடி கிடைக்காது. அதிர்வு முழுவதும் செம்பின்மேல் விழும்.

கப்ளர் கிடைக்காமல் ஒட்டுத்தான் போட வேண்டும் என்றால், அந்த ஒட்டு வளையும் இடத்தில் வரவே கூடாது. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஏறி, ஒரு துண்டு ஒற்றைக் கம்பியாக இறுகிவிடும். அந்த இறுகல் முடிகிற விளிம்பில்தான் வயர் அறும். கிரிம்ப் குழாய் வைத்து அழுத்தி, மேலே உள்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் சிலீவைச் சுருக்குங்கள். சூடேறும்போது இரு முனைகளிலும் பசை லேசாக வெளியே கசிய வேண்டும். அப்போதுதான் நீர் போகாது. எல்லா ஒட்டுகளையும் ஒரே இடத்தில் போடாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு மாற்றி மாற்றிப் போட்டால் கட்டு தடிக்காது.

கறுப்பு டேப்பை மட்டும் சுற்றி விடுவது நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவராது. பசை உருகி வழிந்து, டேப் கழன்று, அந்தப் பிசுக்கில் மணலும் உப்பும் ஒட்டிக்கொள்ளும். துணி டேப் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தளர்வான பிவிசி சிலீவுக்குள் வயர்களை விட்டு, முனைகளில் மட்டும் கட்டுங்கள். சிலீவின் தாழ்ந்த முனை திறந்தே இருக்கட்டும், உள்ளே போன நீர் வடியும். கப்ளர் பின்களில் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். வாசலினும் தடுக்கும், ஆனால் வெயிலில் உருகி ஓடிவிடும். குளியலறை இடுக்குகளுக்குப் பூசுகிற, வினிகர் வாடை வரும் சிலிகானைக் கப்ளருக்குள் அடைக்காதீர்கள். அதிலிருந்து வரும் அமிலமே செம்பை அரிக்கும்.

நிறங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கறுப்பு என்றால் எர்த் என்று நினைத்து இணைக்க வேண்டாம். யமஹாவில் கறுப்பு எர்த். ஹோண்டா முறையில் பச்சை எர்த், கறுப்போ சாவி போட்டதும் கரண்ட் வரும் வயர். சுசுகியில் கறுப்பும் வெள்ளையும், கவாசாகி முறையில் கறுப்பும் மஞ்சளும் சேர்ந்த வயர் எர்த். ஒரே நிறச் சுருள் வாங்கியிருந்தால் ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் எண் எழுதிய சிறு சிலீவைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மொபைல் சார்ஜர், பனி விளக்கு போன்றவற்றுக்கு இந்த வயர்களிலிருந்து கரண்ட் திருடாதீர்கள். பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு அருகிலேயே தனி ஃபியூஸ். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டிகளில் எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சும் சைடு ஸ்டாண்டு சுவிட்சும் எஞ்சின் கட்டுப்பாட்டோடு பேசுகின்றன. அவற்றில் கூடுதலாக எதையும் தொங்கவிட்டால் வண்டி நடுவழியில் நிற்கும்.

முடித்ததும் எதையும் இறுக்கிக் கட்டுவதற்குமுன் ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். வளையும் இடத்தில் வயர் ஒரு தளர்ந்த வளைவாக இருக்க வேண்டும். ஒரு கோடியிலும் விறைக்கக் கூடாது, மறு கோடியில் நசுங்கக் கூடாது. பிறகு ஹெட்லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, நீங்கள் போட்ட நீட்டிப்பின் இரு முனைகளையும் தொடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் வேலை சுத்தம். 0.2-ஐத் தாண்டினால் ஏதோ ஒரு பின் சரியாகப் பிடிக்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுவிட்ச் வயரே ஒரு சாண் எட்டவில்லை என்றால் ஆக்சிலேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும் டிஸ்க் பிரேக்கின் ஹோஸும் இழுபட்டே நிற்கும். எஞ்சினை ஐடிலில் விட்டு ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்புங்கள். சத்தம் கொஞ்சம் ஏறினாலும் ஆக்சிலேட்டர் கேபிள் போதவில்லை என்று பொருள். வளைவில் திரும்பும்போது வண்டி தானாகப் பாயும். பிரேக் ஹோஸை எந்த ஒட்டும் போட்டு நீட்ட முடியாது, நீளமான ஹோஸ் வாங்கி மாற்றி, காற்று நீக்கி பிரேக் எண்ணெய் நிரப்ப வேண்டும். இவை எல்லாம் சரியாகும்வரை வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள்.